பாய் இறக்கிய கப்பல்

காஜா பேராங்கில் எங்கள் தெரு முனையில் ஒவ்வோர் ஆகஸ்டு மாதமும் சுதந்திர நாளுக்கு, மலாயில் சொன்னால் மெர்டேக்காவுக்கு, ஒரு வளைவு எழும். சுதந்திரம் வந்த வருடம் அதன் முகப்புப் பலகையை வாப்பா தம் செலவில் எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து அந்த முகப்பு எங்கள் குடும்பத்தின் பொறுப்பு. பலகை போய்ப் பிளாஸ்டிக் துணி வந்தது, தூரிகை போய் அச்சு வந்தது, பொறுப்பு மட்டும் கை மாறவில்லை. மசாலைக் கடை மீராசா குடும்பம் வேறு எதில் குறைந்திருந்தாலும் இதில் குறைந்ததில்லை.

அறுபதாவது சுதந்திர ஆண்டு வந்தபோது, படம் சாதாரணமாக இருக்கக் கூடாது என்று விளம்பரப் படம் வரையும் அப்பாசாமியிடம் கொடுத்தேன். அவரிடம் மேசை நிறையக் கணினி, இரண்டு திரை. என் மருமகள் ஜைத்தூன் தன்னுடைய மடிக்கணினியிலேயே வரைந்து தருவதாகச் சொல்லியிருந்தாள். அதை நான் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடச் சிலேட்டைவிடச் சற்றே பெரிது. கீரைக்கட்டு மாதிரி ஒரு கையில் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க நடப்பாள். இருபதடி முகப்பை இதில் வரைவது தேக்கரண்டியால் கந்தூரிச் சோறு பரிமாறுகிற கதை என்று மறுத்துவிட்டேன்.

“அகப்பை தேடுறதுக்குள்ள சோறு ஆறிடாமப் பாத்துக்குங்க, மாமா” என்றாள். அதற்கு மேல் அவள் வற்புறுத்தவில்லை.

படம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு முன் பக்கத்துத் தெங்கேராவில் உள்ள அச்சகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். தவறினால் முகப்பை ஒரு வங்கிக் கிளைக்குக் கொடுத்துவிடுவதாக வளைவுக் குழு முடிவு செய்திருந்தது. அப்பாசாமியின் படம் அந்த வெள்ளிக்கிழமை காலையில்தான் கைப்பேசிக்கு வந்தது.

படத்தைக் குறை சொல்ல முடியாது. பாய்கள் புடைத்த மரக்கலம், பாய்மர உச்சியில் தேசியக் கொடி, கீழே குடும்பப் பெயர். ஆனால் கப்பலின் முகம் வலப்பக்கம் பார்த்தது. பெரிய சாலையிலிருந்து வளைவைப் பார்ப்பவனுக்கு எங்கள் கடை இடப்பக்கம். அதாவது எங்கள் கப்பல் எங்கள் கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே போகிறது.

எங்கள் குடும்பத்தில் கப்பல் படம் உள்நோக்கித்தான் வர வேண்டும். சரக்கு வருகிற கப்பல்தான் கடைக்கு அழகு. முகம் வாசலைப் பார்த்தபடி ஒரு நாட்காட்டிக் கப்பல் வந்தால்கூட வாப்பா அதை எதிர்ச்சுவருக்கு மாற்றிவிடுவார். கடல் வியாபாரம் செய்தவர்கள் வீட்டில் இதற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை.

அப்பாசாமியை அழைத்தேன். அவர் விமான நிலையத்தில் இருந்தார். திருப்பிப் போட்டால் போயிற்று என்று சிரித்தபடி அங்கிருந்தே படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி அனுப்பினார். கப்பல் கடையைப் பார்த்தது. கூடவே எங்கள் பெயரும் திரும்பிக்கொண்டது. கொடியின் இடது மூலையில் இருக்க வேண்டிய பிறையும் வலப்பக்கம் திரும்பிக்கொண்டது. தனித்தனி அடுக்குகளாக வரைந்த மூலம் தம் கடைக் கணினியில்தான் இருக்கிறது, திங்கட்கிழமை வந்து சரிசெய்கிறேன் என்றார். மெர்டேக்கா மாதத்தில், எங்கள் பெயருக்கு மேலே பிறை மாறிய தேசியக் கொடி! பத்திரிகையில் படம் போட்டு நாறடித்துவிடுவார்கள்.

அந்த நேரம் பார்த்துக் குழுத் தலைவர் சின்னப்பா கடைக்குள் வந்தார். தலைமுறைகளாக இங்கேயே ஊறிப்போன கம்போங் செட்டிக் குடியிருப்புக்காரர், பெயர் தமிழானாலும் மலாயில்தான் பேசுவார். வங்கிக்காரர்கள் மறுபடி கேட்டார்கள் என்பதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். படம் தயாராகிறது என்றேன். அவர் போன பிறகு கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமகளைப் பார்த்தேன். மடிக்கணினி ஏற்கெனவே திறந்திருந்தது.

“ஜைத்தூன், இது இந்தப் படத்தைத் தாங்குமா?”

“படத்தைத் தாங்காது மாமா. கோட்டைத் தாங்கும்.”

அப்பாசாமியின் படம் கோடிப் புள்ளிகளால் ஆனது, ஒவ்வொரு புள்ளிக்கும் எடை உண்டு என்று விளக்கினாள். கோடாக வரைந்தால் தொடக்கமும் முடிவும் வளைவும் மட்டும் கணினியின் நினைவில் இருந்தால் போதும், இருபதடிக்கு இழுத்தாலும் எடை கூடாது, பிசிறும் தட்டாது. சொன்னதைச் செய்தும் காட்டினாள். அப்பாசாமியின் படத்தைத் திறந்ததும் கணினி அசையாமல் நின்றுவிட்டது. அவள் பதறவில்லை. அதை மூடி, பின்னால் ஓடிக்கொண்டிருந்த மற்றதையெல்லாம் நிறுத்தி, வரையும் மென்பொருளை மட்டும் வைத்துக்கொண்டாள். முதலில் கப்பலின் உடல். அதை முடித்துச் சேமித்து மூடிய பிறகே பாய்மரம். கடலுக்கு ஒரே ஓர் அலை வரைந்தாள். அதையே இடம் மாற்றி மாற்றி வைத்துக் கடலாக்கினாள். அடிப்பாகம் சூடேறியபோது இரண்டு மல்லித்தூள் டப்பாக்களின் மேல் தூக்கி வைத்து அடியில் காற்றுப் போக வழி விட்டாள்.

இடமில்லாத கடையில் மூட்டையை ஒவ்வொன்றாக இறக்கி ஏற்றிப் பெரிய வியாபாரம் செய்த வம்சம் எங்களுடையது. அந்தச் சின்னத் திரைக்குள் அவள் செய்ததும் அதே வேலைதான். இடத்தைக் குறை சொல்லாமல் இடத்துக்குள் வேலையை அடக்கத் தெரிந்த கை. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். வாடிக்கையாளர் ஒருவர் வந்து மிளகாய்த்தூள் கேட்டார். கடைப் பையனை எடுத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டு நான் எழவில்லை.

கொடி வந்த இடத்தில் அவள் விரல் நின்றது. இடப்பக்கம் போகும் கப்பலில் பாய் இடப்பக்கம் புடைத்தால், அதே காற்றில் கொடியும் இடப்பக்கம்தான் பறக்கும். அப்போது பிறை மாறித்தான் தெரியும். கொடியை மட்டும் வலப்பக்கம் பறக்கவிட்டால், ஒரே கப்பலில் இரண்டு காற்றா என்று மீனவன் சிரிப்பான். பிறகு பாய்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. கணினி பழுதாகிவிட்டது என்றே நினைத்தேன்.

“இறக்கிட்டேன் மாமா. கப்பல் கரைக்கு வந்து நங்கூரம் போட்டாச்சு. நங்கூரம் போட்ட கப்பல் காத்துக்கு எதிராத்தானே மூஞ்சக் காட்டி நிக்கும்? கொடி பின்னால பறக்குது. பிறை சரியாத் தெரியுது பாருங்க.”

சரியாகத்தான் தெரிந்தது. ஆனால் பாய்மரம் வெறும் கம்பாக நின்றது. வாப்பா காலத்திலிருந்து எங்கள் முகப்பில் பாய் விரிக்காத கப்பல் நின்றதில்லை. மீராசா வீட்டுக் கப்பல் இறகு பிடுங்கிய கோழி மாதிரி ஊர் நடுவில் நிற்பதா, நொடித்துப்போய்விட்டார்கள் என்று சொல்ல மாட்டார்களா என்று கேட்டேன். கடுமையாகவே கேட்டேன்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“வந்து சேந்தவங்களுக்கு எதுக்கு மாமா பாய்? அறுபது வருஷமாச்சு.”

வெளியே பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் கடையைக் கடக்கத் தொடங்கியிருந்தார்கள். வாப்பா இந்த மண்ணில்தான் அடங்கியிருக்கிறார். நான் பிறந்தது இங்கே, என் பேரப்பிள்ளைகள் பிறந்ததும் இங்கே. நாங்கள் இன்னும் எந்தக் காற்றுக்காகப் பாய் விரித்துக்கொண்டிருந்தோம்?

“நங்கூரச் சங்கிலியைத் தடியாப் போடு. ரோட்டுல போறவனுக்கும் தெரியணும்” என்றேன்.

போட்டாள். அனுப்பினாள். தெங்கேராவிலிருந்து உடனே அழைப்பு வந்தது. இவ்வளவு சின்னதாக வந்திருக்கிறதே, படம் முழுதாக வந்துவிட்டதா என்று அச்சகத்தார் சந்தேகப்பட்டார். திறந்து இழுத்துப் பாருங்கள் என்றேன், ஏதோ நானே வரைந்தவன்போல. அவர் பெரிய கணினியில் இருபதடிக்கு இழுத்தார். சங்கிலியின் ஒவ்வொரு வளையமும் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கிறதாம். அச்சுக்கு ஏற்றச் சொல்லிவிட்டுத் தொழுகைக்கு ஒளு செய்யப் போனேன்.

முகப்பு ஏறிய அன்று சின்னப்பா கீழே நின்று நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். வழக்கமாக இது யார் கைவேலை என்று கேட்பவர்களிடம், எங்கள் குடும்பத்தின் கை என்று மட்டும் சொல்வேன். அவர் கேட்பதற்கு முன்பே, என் மருமகள் ஜைத்தூன் வரைந்தது என்றேன். அவளைக் கூப்பிட்டு, அவள் வரைந்த மடிக்கணினியையும் கொண்டுவந்து காட்டச் சொன்னேன்.

சின்னப்பா அதை ஒரு கையால் வாங்கித் தூக்கிப் பார்த்தார். அடியில் திருப்பிப் பார்த்தார். மீதி எங்கே என்று மலாயில் கேட்டார். ஜைத்தூன் சிரித்துவிட்டாள்.

மீதி கிடையாது, இரண்டு கையாலும் பிடியுங்கள் என்றேன்.