அசையக் கூடாத வால்

ஊசி போட்ட குஞ்சுகளின் தட்டில் வால் அசைந்தது. நருமி மைக்ரோஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள். சந்தேகமே இல்லை. கடுகளவே இருந்த, தலைப்பிரட்டை போன்ற ஒரு குஞ்சு வால் நுனியை வெடுக்கென்று சொடுக்கியது. பக்கத்தில் இன்னொன்றும் சொடுக்கியது.

சான்ரிக்கு என்ற அந்தக் கடற்கரையில் ஹோயா என்னும் கடல் உயிரைக் கயிற்றில் வளர்த்து, உரித்து, வினிகர் ஊற்றித் தின்பவர்கள்தான் ஊர் முழுக்க. கடலோர ஆய்வு நிலையத்தில் இருப்பவர்கள் மட்டும் அதன் முட்டைக்காகக் குளிர்காலம் பூராவும் தவம் கிடப்பார்கள். தாய் ஹோயா முட்டையின் ஒரு மூலையில் ஒரு மரபணுவின் கட்டளையை வைத்து அனுப்புகிறது: இந்தப் பக்கத்துச் செல்கள் தசையாக வேண்டும். முட்டைக்குள் ஊசி போட்டு அந்தக் கட்டளையை அழித்துவிட்டால் குஞ்சின் வாலில் தசையே வராது, வால் அசையவே அசையாது. நருமியின் மூன்று வருட உழைப்பு இந்த ஒரு வரிதான். அடுத்த வாரம் செந்தாய் நகரத்து மாநாட்டில் பேராசிரியர் மிகாமி மேடையேறி இதைத்தான் சொல்லப்போகிறார், அவள் பெயரை முதலில் போட்டு.

அப்படியிருக்க இன்றைக்கு மட்டும் ஏன் அசைகிறது? யோசித்துப் பார்த்தால், இன்று ஒன்றே ஒன்றுதான் மாறியிருந்தது. ஊசி போடாத நல்ல குஞ்சுகளை முதலில் பார்ப்பதுதான் அந்த ஆய்வகத்து வழக்கம். மிகாமி போட்ட சட்டம் அது. நல்லதைப் பார்த்துக் கண் பழகினால்தான் கெட்டது தெரியுமாம். நல்ல குஞ்சுகள் துள்ளுவதை எண்ணி முடித்ததும், படமெடுப்பதற்காகப் பிப்பெட்டால் நாலு சொட்டு மயக்க மருந்து விடுவாள். அப்புறம் அதே பிப்பெட்டைக் கடல் தண்ணீரில் ஒரு அலசு அலசிவிட்டு, ஊசி போட்ட குஞ்சுகளை உறிஞ்சி வேறு தட்டில் விடுவாள். இன்று கேமரா ரிப்பேர். படமும் இல்லை, மயக்க மருந்தும் இல்லை.

அவள் கையிலிருந்த பிப்பெட்டைப் பார்த்தாள். ஒரு அலசில் போகிற மருந்தா அது! தசை இருந்தால் காட்டிக்கொடுக்கும் சாயத்தை ஏற்றிப் பார்த்தபோதெல்லாம் வால் நுனியில் லேசாக ஏதோ தெரிந்ததையும், கறை என்று தானே தள்ளிவிட்டதையும் நினைத்துக்கொண்டு பிப்பெட்டைக் கீழே வைத்தாள். தெரிந்து ஏமாற்றினால் ஒரு பாவம். தெரியாமல் மூன்று வருடம் ஏமாற்றியவளை யார் நம்புவார்கள்? நாளைக்கே வேறொரு நாட்டில் எவனோ சுத்தமான பிப்பெட்டோடு உட்கார்ந்தால் போச்சு, மானம் கப்பலேறிவிடும். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்றும் ஒரு கணம் நினைத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம். வாலை ஆட்டும் பூசணிக்காயை எப்படி மறைப்பது?

இன்னொரு முறை செய்துபார்த்தால்தான் ஆச்சு. ஹோயா வளர்க்கும் ஒனொதேரா கிழவர் படகிலிருந்து நாலே நாலைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"சினை பிடிச்சதுல கடைசி இதுதான் பொண்ணே. ஏன் மூஞ்சி இப்படி வெளுத்துக் கிடக்கு? ஊசியை உனக்கே போட்டுக்கிட்டியா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முட்டைகளுக்கு ஊசி போட்டாள். தட்டுக்கு ஒரு புதுப் பிப்பெட் வைத்துக்கொண்டாள். மயக்க மருந்துப் புட்டியை வேறு அறையில் கொண்டுபோய்ப் பூட்டினாள். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. யாராவது கதவைத் திறந்தால்கூடத் திருட்டு முழி முழித்தாள்.

மூன்றாம் நாள் மதியம் குஞ்சு பொரிந்தது. எண்பத்தேழு குஞ்சு. அத்தனையிலும் வாலின் பெரும்பகுதி கட்டையாகக் கிடக்க, நுனி மட்டும் சொடுக்கியது. ஒன்றுகூட விதிவிலக்கில்லை. அவள் மிகாமியைக் கூப்பிட்டாள்.

மிகாமி ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். அவள் பிப்பெட் விஷயத்தை ஒளிக்காமல் சொன்னாள்.

"தாய் வச்ச கட்டளை போனாலும் நுனிக்கு வேற எங்கிருந்தோ கட்டளை வருது, சென்செய். மூணு வருஷமா அது அசைஞ்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கு. நான்தான் மயக்கிப் போட்டுட்டு, அசையலைன்னு எழுதியிருக்கேன்."

திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டாள். அவர் திட்டவில்லை.

"ஒரே பிப்பெட்டா?"

"ஒண்ணுதான். நீங்க சொல்லிக்குடுத்த மாதிரி."

அவர் மெல்லத் திரும்பிச் சுவர் அலமாரியைப் பார்த்தார். இருபத்தாறு வருட நோட்டுப் புத்தகங்கள் அங்கே வரிசையாக நின்றன. எத்தனையோ மரபணுக்கள், எத்தனையோ வால்கள். எல்லாவற்றிலும் நல்லதுதான் முதலில், பிறகு அதே பிப்பெட். அவர் முகம் வெளிறிப்போனதை நருமி பார்த்தாள். அவர் இழக்கப்போவதோடு பார்த்தால் தன் பயமெல்லாம் ஒன்றுமேயில்லை என்று அவளுக்கு அப்போது தோன்றியது.

"இது வேற யாருக்குத் தெரியும்?" என்றார்.

அவள் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "நம்ம ரெண்டு பேருக்குத்தான்."

அவர் தொலைபேசியை எடுக்கப் போய்க் கையை இழுத்துக்கொண்டார். பிறகு மாநாட்டு அலுவலகத்தை அழைத்து, தன் பேச்சை எடுத்துவிடச் சொன்னார். காரணம் கேட்டார்கள் போலிருக்கிறது. தப்பு நடந்துவிட்டது, என்னுடைய தப்பு என்றார். அடுத்து ஒனொதேராவை அழைத்து, இன்னும் ஒரு கூடை வேண்டும், எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்றார். கிழவரின் பெருங்குரல் அறை முழுக்கக் கேட்டது.

"முட்டையா? முடிஞ்சுபோச்சே சென்செய், இனி நவம்பர்லதான். தின்ன வேணும்னா சொல்லுங்க, எத்தனை கூடை வேணும்னாலும் தர்றேன்."

மிகாமி தொலைபேசியை வைத்தார். சுவர் நாட்காட்டியில் மார்ச் மாதம் இன்னும் பாதிகூட ஆகியிருக்கவில்லை. அந்த நோட்டுகளில் எது நிஜம், எது மயக்கம் என்று நவம்பர் வரை யாருக்கும் தெரியப்போவதில்லை. இருவரும் அலமாரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். எழுந்துபோய் ஒன்றை எடுத்துப் பிரிக்க இருவருக்குமே தைரியம் வரவில்லை.