வில்லில் பூட்டிய ஃபோன் கண்டது

மே 19, செவ்வாய். பதினோராவது வகுப்பு.

இன்று நடந்ததை ஒன்றும் விடாமல் எழுதவேண்டும். நான் சொன்னது பிழையென்றால், எந்த இடத்தில் பிழைத்தது என்று பிறகு பார்க்க உதவும்.

ஓஸ்லோவின் தெற்கே ஹவுகெட்டோவில் ஒரு பாடசாலையின் நிலக்கீழ் மண்டபத்தில் செவ்வாய்தோறும் மாலை ஆறரைக்கு எங்கள் வகுப்பு. வில் வேட்டை படிக்கிறோம். நோர்வேயில் வில்லால் வேட்டையாடத் தடை. ஆகவே நாங்கள் பதினொரு பேரும் றப்பர் மிருகங்களுக்குத்தான் எய்கிறோம். உயிருள்ள மிருகம் வேண்டுமென்றால் டென்மார்க் போய் அங்கே பரீட்சை எழுதவேண்டும். எங்களில் அப்படிப் போனவர் ஸ்டோவ்னரில் இருக்கும் தமிழர், ஆன்ட்ரியாஸ் அண்ணா ஒருவர்தான்.

நான் கொல்வதற்காகச் சேரவில்லை. பின்னே எதற்காகச் சேர்ந்தாய் என்று அம்மா கேட்டார். அம்பு போகிற வழியை அளந்து பார்ப்பது எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். என்னைப்போல் ஹொல்ம்லியாவில் இருந்து வரும் பஸ் சாரதி மகேசன் அண்ணைக்கும் இதே மாதிரி ஒரு சிக்கல். அவர் செவ்வாய், வெள்ளிகளில் மச்சம் தொடமாட்டார். ஆனால் செவ்வாய்தோறும் வந்து பன்றியை எய்வார். யாராவது கேட்டால், "றப்பர்ப் பண்டி சைவம்தான், பிள்ளை" என்பார்.

பகலில் நான் பல் கட்டும் கூடமொன்றில் வேலை செய்கிறேன். செயற்கைப் பற்களை அச்சிடும் இயந்திரம் அங்கே இருக்கிறது. பொறுப்பாளரிடம் கேட்டு, பெப்ரவரியில் அதிலேயே ஒரு பிடியை அச்சிட்டேன். வில்லின் நடுவில் திருகிப் பூட்டலாம். அதற்குள் ஃபோன் இருக்கும். அம்பு பார்க்கும் திசையை ஃபோனும் பார்க்கும். உள்ளே இரண்டு அடுக்கு றப்பர் வைத்தேன். வைக்காவிட்டால் நாண் விடுபடும் அதிர்வில் கமராவின் வில்லைகள் கெட்டுவிடும். மகேசன் அண்ணை பொறுமையில்லாமல் தன் ஃபோனை நாடாவால் வில்லோடு சுற்றி எய்து பார்த்தார். அதற்குப் பிறகு அந்த ஃபோனில் அவர் எடுத்த கலியாண வீட்டு வீடியோவில் மாப்பிள்ளை, பொம்பிளை, ஐயர் எல்லோருக்கும் குளிர்காய்ச்சல் மாதிரி நடுக்கம்.

படம் எடுப்பது விளையாட்டுக்கு இல்லை. அம்பு எங்கே பட்டது என்பதை எய்தவரின் கண் சரியாகப் பிடிக்காது. அது தெரியாமல் மிருகத்தின் பின்னால் போகவும் கூடாது. நுரையீரலில் பட்டால் மான் சில விநாடிகளில் விழுந்துவிடும். உடனே போய் எடுக்கலாம். வயிற்றில் பட்டால் கொஞ்சத் தூரம் போய்ப் படுத்துக்கொள்ளும். தொந்தரவு செய்யாமல் விட்டால் படுத்த இடத்திலேயே உயிர் போகும். அவசரப்பட்டுப் போனால் எழும்பி ஓடி, எங்கேயோ ஒரு பற்றைக்குள் நாட்கணக்கில் கிடந்து சாகும்.

ஆனால் படத்திலும் நேரே தெரியாது. அம்பு புறப்பட்டதும் வில் கையில் துள்ளும், படம் கலங்கும். அம்பின் வாலில் உள்ள சின்னப் பச்சை விளக்கு, ஒரு புள்ளியாக இல்லாமல், நீண்ட கீற்றாக விழும். வெளிச்சம் குறையக் குறையக் கீற்று நீளும். அதன் இரண்டு முனைகளில் எது உண்மை? இதற்காக நான் ஒரு முறை வைத்திருக்கிறேன். எய்வதற்கு முந்திய கடைசித் தெளிவான படத்தை எடுத்து, அதன்மேல் கீற்றை வைப்பேன். பிறகு றப்பர் மானிடம் நடந்துபோய் ஓட்டையை அளப்பேன். இதுவரை 212 அம்புகள். ஒவ்வொருவருடைய கீற்றும் கையெழுத்து மாதிரி ஒவ்வொரு பக்கம் சாய்கிறது. ஆன்ட்ரியாஸ் அண்ணாவின் 64 அம்புகளில் 61 தடவை ஓட்டை இடது முனையில் இருந்தது.

இன்று ஆசிரியர் வரவில்லை, வெளியூர். நாங்களாகவே பழகிக்கொண்டிருந்தோம். ஏழேகாலுக்கு, எங்களோடு படிக்கும் ஆன்ட்ரியாஸ் அண்ணாவின் தங்கை நோராவின் ஃபோனுக்கு டென்மார்க்கில் இருந்து வீடியோ வந்தது. வில்லில் என் பிடியைப் பூட்டி, ஐந்து நிமிடத்துக்கு முன்னர்தான் எய்திருந்தார். நோரா அதை மண்டபத்துப் பெரிய திரையில் போட்டாள்.

ஆண் மான் ஒன்று. றோடீர் என்கிற சிறிய இனம், ஆட்டுக்கடா அளவு. இடது கொம்பில் மூன்று கிளைகள். வலது கொம்பு ஒற்றையாக வெளிப்பக்கம் வளைந்திருந்தது. தலை வலப்பக்கம், எங்களுக்கு அதன் வலது விலா. இருபத்துநாலு மீற்றர்.

எங்கள் றப்பர் மானுக்குக் கண் என்பது கறுப்பு மையில் ஒரு வட்டம். இதன் கண் ஈரமாக இருந்தது. புல்லை மென்றபடி ஒரு காதை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் வைத்து இரண்டு திசைகளைக் கேட்டுக்கொண்டிருந்தது. விலா எழும்பித் தாழ்ந்தது. அதே நேரம் முழுப் படமுமே மிக மெல்லத் துடித்தது. முதலில் என்னுடைய பிடி ஆடுகிறது என்று பயந்தேன். ஒரே சீராகத் துடித்தபடியால் பிறகு விளங்கியது: அது ஆன்ட்ரியாஸ் அண்ணாவின் நாடி. அவருடைய இதயத் துடிப்பு கைவழியாக வில்லுக்கும், வில்வழியாக ஃபோனுக்கும் வந்திருந்தது. மானின் மூச்சும் மனிதனின் நாடியும் ஒரே படத்துக்குள். நான் அச்சிட்ட பிளாஸ்திக் துண்டு இப்படியொன்றைக் கொண்டுவரும் என்று நினைத்ததே இல்லை.

பிறகு அவர் மூச்சைப் பிடித்தார், துடிப்பு சிறுத்தது. நாண் சத்தம். பச்சைக் கீற்று. டொக் என்று ஒரு ஓசை. மான் இல்லை.

நோராவின் ஃபோன் அடித்தது. அவள் ஒலிபெருக்கியில் போட்டாள். ஆன்ட்ரியாஸ் அண்ணா மரத்தில் கட்டிய பலகையில் இன்னும் இருந்தபடி கிசுகிசுத்தார். காணிக்காரர் கீழே வந்து நிற்கிறாராம். எட்டு மணிக்கு மழை. இரத்தத் தடம் கழுவுப்பட முதல் தேடுவோம் என்று அவசரப்படுத்துகிறாராம்.

"எனக்கெண்டால் நுரையீரல் மாதிரித்தான் கிடக்கு," என்றார். "எண்டாலும் நீ பாத்துச் சொல்லு, ஹம்சி. நீ சொன்னால்தான் இறங்குவன்."

கீற்றை முந்திய படத்தின்மேல் வைத்தேன். மழைமுகில் மூடிய மங்கலான வெளிச்சம் என்பதால் ஒரு சாண் நீளம் இருந்தது. வலது முனை தோளுக்குப் பின்னால், நுரையீரலில். இடது முனை வயிற்றில். மண்டபத்தில் இருந்த நோர்வேக்காரர்கள் எல்லோரும் வலது முனை என்றார்கள். மகேசன் அண்ணை திரைக்குக் கிட்டப் போய்க் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, தனக்கும் நுரையீரல் என்றுதான் தெரிகிறது, ஆனால் தான் பஸ் ஓட்டுகிறவன் என்றார்.

அறுபத்தொரு தடவை இடது முனை. மிச்சம் மூன்றும் அவர் இருந்தபடி எய்தவை. அவற்றில் வலது முனை. இன்று நின்றபடியா, இருந்தபடியா என்று கேட்டேன். பாதி இருந்து பாதி எழும்பி என்றார். அப்படி எய்த அம்பு என்னிடம் ஒன்றுகூட இல்லை.

தெரியாது என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் அவர் காத்துக்கொண்டிருந்தார். ஆகவே வேறு மாதிரிக் கணக்குப் பார்த்தேன். நுரையீரல் என்றால், காத்திருப்பதில் இறைச்சிதான் பழுதாகும். மானுக்கு வலி இல்லை. வயிறு என்றால், போவதில் எல்லாமே பழுது.

"இறங்காதேங்கோ, அண்ணா," என்றேன். "வயிறு எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. விடிய நாயோடை போங்கோ."

காணிக்காரர் டேனிஷில் ஏதோ சொல்வது கேட்டது; சந்தோசமான குரல் இல்லை.

"சரி. இறங்கேல்லை," என்றார் ஆன்ட்ரியாஸ் அண்ணா.

எட்டேகாலுக்கு அங்கே மழை தொடங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. மான் இந்த மழையில் படுத்திருக்கிறது, நான் சொன்னபடியால் என்று நினைத்துக்கொண்டே றெயின் ஏறினேன்.

மே 20, புதன்.

காலை ஆறரைக்குச் செய்தி. காயப்பட்ட மிருகங்களைத் தேடப் பழக்கிய நாயோடு ஒரு பெண் வந்திருந்தார். மான் நின்ற இடத்தில் நாய் மோந்தது, வட்டம் போட்டது, திரும்பி வந்து அவருடைய காலடியில் இருந்துகொண்டது. மூன்று முறை விட்டுப் பார்த்தார்கள். மூன்று முறையும் அப்படியே. அம்பு பின்னால் உள்ள வாய்க்கால் வரம்பில் ஒரு உக்கிய கட்டையில் குத்தியிருந்தது. அதில் சேறும் மழைத்தண்ணீரும்தான். இரத்தம் கழுவுப்பட்டதா, இல்லை தொடக்கத்திலேயே இருக்கவில்லையா? கன மழை என்பதால் நாயை முழுதாக நம்ப வேண்டாம் என்று அந்தப் பெண்ணே சொன்னாராம்.

ஹொல்ம்லியாவில் ஏழு பன்னிரண்டு றெயினில் இருந்துகொண்டு வீடியோவைத் திரும்பப் போட்டேன். ஒரு விநாடிக்கு 240 படங்கள். ஒவ்வொரு படமாக நகர்த்தினேன். பச்சைக் கீற்று கண்ணை இழுத்தது, பெருவிரலால் மறைத்துக்கொண்டேன். அப்போதுதான் உறைத்தது. நேற்று நாங்கள் எல்லோரும் அந்த வெளிச்சத்தைத்தான் பார்த்தோம். நாண் விடுபட்ட பிறகு மானை யாருமே பார்க்கவில்லை.

கலங்கிய படங்களில் மான் ஒரு மண்ணிறத் திட்டு; காதும் காலும் மங்கலான நிழல்கள்தான். ஆனால் அதன் முதுகுக்குப் பின்னால் வேலிக் கட்டை ஒன்று நிற்கிறது. கட்டையை வைத்து எண்ணினேன். நாண் விடுபட்டது ஒன்றாவது படம். இருபத்துநாலு மீற்றர் தூரத்துக்கு நாணின் சத்தம் போய்ச் சேரப் பதினேழு படங்கள் செல்லும். இருபத்துநாலாவது படத்தில் பின்னுக்கு இருந்த காது முன்னுக்கு வந்திருந்தது. முப்பதாவதில் முன்னங்கால்கள் மடியத் தொடங்கின. நாற்பதில் திட்டு கட்டையின் மேல் கம்பிக்குக் கீழே இறங்கியது. ஐம்பது, அறுபது, எழுபது. கால்களை நிலத்தில் இருந்து பிடுங்கிக்கொண்டு தன்னைத் தானே விழவிட்டிருந்தது. ஓடுவதற்குக் குந்துகிறது. எண்பதாவது படத்தில் பெருவிரலை எடுத்தேன். கீற்று நேற்று நான் வைத்த அதே இடத்தில்தான் இருந்தது. மான் அங்கே இல்லை. முதுகு கீற்றுக்குக் கீழே இருந்தது.

அம்பு வருகிறது என்ற செய்தி அம்புக்கு முன்னரே அதற்குப் போய்விட்டது. கேட்டு, நம்பி, முடிவெடுத்து, முழு உடம்பையும் ஒரு சாண் கீழே கொண்டுபோவதற்கு அதற்கு விநாடியின் கால்பங்கு போதுமாக இருந்தது. நான் அதே நேரத்தில் ஒரு முறை கண் வெட்டியிருப்பேன்.

நாண் சத்தத்துக்கு மான் குந்தும் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. நான் அந்தப் பக்கத்தில் கோடு கூடப் போட்டிருக்கிறேன். ஆனால் என்னுடைய 212 அம்புகளும் அசையாத மிருகங்களுக்கு எய்தவை. என் முறையில் மான் எப்போதும் நின்ற இடத்திலேயே நிற்கும். வலது முனையா, இடது முனையா என்று இரவு முழுக்க யோசித்தேனே தவிர, கீற்று விழுந்த இடத்தில் மானே இருக்காது என்று தோன்றவில்லை.

ஓஸ்லோ எஸ் மத்திய நிலையத்தில் இறங்க மறந்து, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி வந்தேன்.

ஆனாலும் ஒரு திட்டைத்தான் பார்த்திருக்கிறேன். காயப்படவில்லை என்று ஆசைப்பட்டால் எவருக்கும் திட்டு கீழேதான் தெரியும். ஆன்ட்ரியாஸ் அண்ணாவுக்கு எண்பது படங்களையும் வரிசையாக அனுப்பி, எனக்கு இப்படித் தெரிகிறது, உறுதியில்லை என்று எழுதினேன். தான் பின்னேரம் வில்லைக் காருக்குள் வைத்துவிட்டு ஃபோனோடு மட்டும் அதே பலகையில் போய் இருக்கப்போவதாக அவர் பதில் போட்டார்.

வேலை முடிந்து வந்து ஹொல்ம்லியாவில் இறங்கியதும் அவருடைய வீடியோ அழைப்பு. அவர் முகத்தைக் காட்டவில்லை. திரையில் நனைந்த புல்வெளி. அதன் நடுவில் மான்.

மேடையில் சனம் போய் முடியும்வரை சுவரோடு ஒதுங்கி நின்றேன். இடது கொம்பில் மூன்று கிளை. வலது கொம்பு ஒற்றை, வெளியே வளைந்தது. அதுதான். மேய்ந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரிந்தது இடது பக்கம். அதில் ஒன்றும் இல்லை. ஆனால் அம்பு வந்தது வலது பக்கத்தில். ஊடுருவாமல் உரசிப் போயிருந்தாலும் காயம் வலது பக்கத்தில்தான் இருக்கும். சந்தோசப்பட எனக்கு இன்னும் உரிமை இல்லை.

காத்திருந்தேன். எதிர்ப்பக்க றெயின் வந்து போனது. மான் இரண்டு அடி வைத்தது, நின்றது, பின்னங்காலைத் தூக்கிக் காதைச் சொறிந்தது. காயப்பட்ட உடம்பு அப்படி வளையுமா என்று யோசித்தேன், தெரியாது. பிறகு அது எங்களுக்குப் பின்புறத்தைக் காட்டியது. வெள்ளை மயிர் விரிந்து மூடியது. அப்படியே மெதுவாகச் சுற்றி வந்து வலது விலாவைக் காட்டி நின்றது.

தோளில் தொடங்கித் தொடைவரை பார்த்தேன். திரும்பவும் தொடையில் இருந்து தோள்வரை. முதுகு மேட்டில் ஒருமுறை. மழையில் ஊறிய செம்மயிர் ஒழுங்காகப் படிந்திருந்தது. வெட்டு இல்லை. கறுத்த இடம் இல்லை. விலா எழும்பித் தாழ்ந்தது.

"ஹம்சி, லைனிலை நிக்கிறியா?" என்று ஆன்ட்ரியாஸ் அண்ணா மூச்சளவில் கேட்டார்.

"ஓம்," என்றேன், எனக்கே கேட்காத அளவுக்கு.

ஐந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால், அவருடைய ஃபோனில் கேட்ட அந்தச் சொல்லுக்கு, மான் மெல்லுவதை நிறுத்தி ஒரு காதை என் பக்கம் திருப்பியது.