கடைசி பெஞ்சிலிருந்து ஒரு தாள்

1998இல் அரியலூரில் ஒரு கல்லூரியில் நானும் மலர்கொடியும் தாவரவியல் எம்.ஃபில் படித்தோம். பி.எஸ்சி. முதலாண்டுக்கு ஒருவர் வகுப்பெடுக்க, மற்றவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறைகளை எழுதித் தருவது எங்கள் துறையின் வழக்கம்.

என் முதல் வகுப்பு முடிந்ததும் அவள் தாளை நீட்டினாள். ஒரே வரி: 'முக்கால் மணி நேரம் போர்டுக்குப் பாடம் நடத்தினீர்கள்.'

"பசங்க மூஞ்சிய ஒரு தடவகூட நீங்க பாக்கலங்க" என்றாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மறுவாரம் அவள் வகுப்பில், பழிவாங்கவென்றே பேனாவைத் திறந்து வைத்து உட்கார்ந்தேன். குரும்பலூரில் தங்கள் வயலில் பறித்த பருத்திக்காய்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்துப் பிளந்து பார்க்கச் சொன்னாள். மணி அடித்தபோது என் தாளில் குறை ஒன்றுகூட இல்லை. அவள் நடத்திய பாடம்தான் இருந்தது. அதையே கொடுத்தேன். சிரிக்காமல் மடித்து வைத்துக்கொண்டாள்.

இது 2007. பெரம்பலூரில் நான் இப்போது விரிவுரையாளர். வகுப்பு முடிந்ததும் கண் தானாகக் கடைசி பெஞ்சுக்குப் போகிறது.

"நல்லா இருந்துச்சு சார்" என்கிறார்கள் அங்கிருக்கும் பையன்கள்.

பாவிகள். இன்றைக்குப் பாதி நேரம் நான் போர்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.