இரண்டு மைனஸ்

நோட்டின் முதல் பக்கத்தில் ஏப்ரல் ஐந்தாம் தேதி போட்டு வெண்மதி எழுதியிருந்தாள்: "கடைசித் தேர்வில் பத்துக்கு ஏழு வந்தால் பி.இ. மெக்கானிக்கல். வராவிட்டால் வேலையிலேயே இருப்பது. இதை மாற்றக் கூடாது." அடியில் கையெழுத்தும் போட்டிருந்தாள், யாரோ வந்து கேட்கப் போகிறார்கள் என்பது போல.

அதன் பிறகு வகுப்பு நடந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி. தேதி, போட்ட கணக்கு எத்தனை, விடையைப் பார்க்காமல் சரியாக வந்தது எத்தனை, தப்புக்குக் காரணம் என்ன. காரணக் கட்டத்தில் பெரும்பாலும் "புரியவில்லை" என்றே இருந்தது. சில நாட்களில் "தூக்கம்".

தூக்கம் வராமல் என்ன செய்யும்? கடலூரில் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் அளவு பார்க்கும் வேலை அவளுக்கு. காலை ஆறு மணி ஷிஃப்ட். இரண்டு மணிக்கு விட்டதும் முதுநகரில் பஸ் பிடித்துச் சிதம்பரம். மேலவீதியில் மருந்துக் கடை மாடியில் நான்கிலிருந்து ஆறு வரை அருள்முருகன் சாரின் கணக்கு வகுப்பு. டிப்ளமா முடித்து நேராக பி.இ. இரண்டாம் வருடத்தில் சேரப் போகிறவர்களுக்காக நடப்பது. காலேஜில் முதல் வருடக் கணக்கெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் பாடத்தை ஆரம்பிப்பார்கள். வெண்மதிக்குத் தெரியாது. டிப்ளமாவில் கைடைப் பார்த்து இருபது கணக்குகளை வரி மாறாமல் மனப்பாடம் செய்து, நாற்பத்திரண்டு மார்க்கில் தப்பித்தவள் அவள்.

கடைசித் தேர்வு நாளன்று காலை சூப்பர்வைசர் தேவநாதன் மைக்ரோமீட்டரைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"என்னம்மா, திங்கக்கெழம பர்மனென்ட் லெட்டர்ல கையெழுத்து போட்டுடுறியா?"

"நாளைக்குச் சொல்றேன் சார்."

"படிக்கிறத நான் வேணாங்கல. அங்க போயி நாலு அரியரத் தூக்கிக்கினு வந்து நின்னா, இந்த எடம் இருக்காது. அவ்ளோதான்."

மிரட்டலாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது நாள் முழுக்க அவளுடன் வந்தது.

மாலையில் கடைசித் தேர்வு. பத்துக் கணக்கு. அருள்முருகன் சாருக்கு வயது இருபத்தாறுதான் இருக்கும். அடுத்த பேட்ச் படியில் காத்திருக்க, ஒவ்வொரு கணக்கிலும் கடைசி வரியை மட்டும் பார்த்துச் சிவப்புப் பேனாவால் கிழித்துக்கொண்டே போனார்.

"சுவேதா பத்து. வெண்மதி ஏழு. ஏழா? பரவால்லியே! நாளைக்கு அப்ளிகேஷன் கடைசி நாளு, கோட்ட வுட்டுறாதீங்க."

பஸ்ஸில் ஜன்னலோரம் சுவேதா உட்கார்ந்தாள். டிப்ளமாவில் ஒரே வகுப்பு, இப்போதும் ஒரே பஸ்.

"ஏழு வந்துருச்சி இல்ல? ஃபார்மக் குடு. நாளைக்கு நான் என்னோடதக் குடுக்கப் போவேன், சேத்துக் குடுத்துர்றேன்."

"எறங்கும்போது தர்றேன்."

"இன்னும் என்னாடி? நல்ல நாளு பாக்கணுமா?" என்றவள் வெள்ளாற்றுப் பாலம் வருவதற்குள் தூங்கிவிட்டாள்.

வெண்மதி நோட்டை எடுத்து ஏழு என்று எழுதினாள். தப்பான மூன்றுக்கும் காரணம் எழுத வேண்டுமே என்று விடைத்தாளை விரித்தாள். முதலில் சரியான ஏழையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். நம்பிக்கை இல்லாதவளின் பழக்கம்.

எட்டாவது கணக்கில் விடை பை. சரியான விடைதான். ஆனால் சைனை இன்டெக்ரேட் செய்த இடத்தில் மைனஸ் காஸ் என்று இருக்க வேண்டும், வெறும் காஸ் இருந்தது. அப்படியானால் விடை எப்படிச் சரியாகும்? மேலிருந்து கீழே மூன்று முறை வந்தாள். பஸ் புதுச்சத்திரத்தில் நின்று கிளம்பியபோது கண்ணில் பட்டது. கடைசிக்கு முந்தைய வரியில் காஸ் பையின் மதிப்பு மைனஸ் ஒன்று என்று வர வேண்டும். அதை ஒன்று என்று எழுதியிருந்தாள். விட்டுப்போன இரண்டு மைனஸும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, விடையை நல்லபடியாகக் கொண்டுவந்து விட்டிருந்தன.

சுவேதாவை உலுக்கினாள். அவள் அரைக்கண்ணால் பார்த்துவிட்டு, "வெட சரியாத்தான இருக்குது? சாரே டிக் போட்டுட்டாரு" என்றாள்.

"வழி தப்பு."

"போட்ட டிக்க அழிக்கிறவ உலகத்துலயே நீ ஒருத்திதான்டி. உங்க கம்பெனியில அளவு சரியா இருந்தா பாஸ்தான?"

"இந்தப் பீஸு பாஸு. அடுத்த பீஸு ஆகாதே."

"அய்யோ, ஆள வுடு" என்று சுவேதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஏழை அடித்து ஆறு என்று எழுதினாள். ஆறு என்றால் வேலையிலேயே இருப்பது. முதல் பக்கம் அப்படித்தான் சொன்னது. ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது. இந்தப் பஸ் இல்லை, மாடி இல்லை, மத்தியானத்தில் தூங்கலாம்.

காரணக் கட்டத்தில் இரண்டு மைனஸ்களையும் எழுதினாள். மே மாதத்து வரிகளைப் புரட்டினாள். இதே மாதிரிக் கணக்குக்கு அன்று எழுதியிருந்தது "புரியவில்லை". ஏப்ரலில் கையெழுத்துப் போட்டவளிடம் இந்தத் தாளைக் கொடுத்திருந்தால் டிக்கைப் பார்த்துச் சந்தோஷமாக மூடியிருப்பாள். அவள் போட்ட சட்டம் இது. சரி எது, தப்பு எது என்று பார்க்கத் தெரியாதவள் போட்டது.

இல்லை, சேர ஆசைப்பட்டுத்தான் இப்படி ஒரு நியாயத்தைத் தேடிப் பிடிக்கிறோமோ? அதுவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க எந்த வழியும் அவளுக்குத் தெரியவில்லை. மூன்று வருடம். அரியர் நிச்சயம் வரும். கம்பெனியில் இந்த இடம் போய்விடும். சிப்காட் ரசாயன ஆலைகளின் வாடை ஜன்னல் வழியாக வந்தது.

"முதுநகர் எறங்குறவுங்க முன்னாடி வாங்க!" என்றார் கண்டக்டர்.

வெண்மதி பையிலிருந்து ஃபார்மை எடுத்துச் சுவேதாவின் மடியில் வைத்தாள்.

"ஆறுன்னு எழுதுன மாரி பாத்தேனே?"

"ஆறுதான்."

"அப்ப உன் சட்டம்?"

"அதுல தோத்துட்டேன். ஃபார்ம மறக்காமக் குடுத்துரு."

வீட்டில் அம்மா மங்கலம் தட்டை வைத்துவிட்டு முகத்தைப் பார்த்தாள்.

"என்னா பண்ணப் போற?"

"சேரப் போறேம்மா."

"முடியுமா உன்னால?"

"தெரியல."

அம்மா குழம்பைக் கொஞ்சம் ஜாஸ்தியாக ஊற்றினாள்.

சாப்பிட்டு முடித்து நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்தாள். சட்டத்தை அடிக்கவில்லை. அதன் கீழே, "ஜூன் பதினெட்டு, 2010. ஆறு வந்தது. மீறினேன்" என்று எழுதி இன்னொரு கையெழுத்துப் போட்டாள். நாளைக்கும் ஆறு மணி ஷிஃப்ட்தான். தேவநாதன் சாரிடம் சொல்ல வேண்டும். அலாரத்தை நாலே முக்காலுக்கு வைத்தாள்.