செங்கல் நின்ற இடம்

என் மைத்துனனின் கால் பெருவிரலுக்கு அவனே சொன்ன விலை, என் கடையில் பாதி. பேரம் பேச அது நேரமில்லை. கடையின் பணப்பெட்டியை, அந்த இரும்பு யானையை, இருவரும் உருட்டி நகர்த்தும்போது அடியில் கொடுத்திருந்த குழாய் நழுவி, பெட்டியின் மூலை அவன் ஷூ நுனியில் உட்கார்ந்துவிட்டது.

"மாமா, விரல் இருக்கா போச்சான்னே தெரியல. ஏதாவது பண்ணுங்க!"

"கத்தாத மச்சான். இரும்புக் கடைக்குள்ள நிக்கிற, கடப்பாரைக்கா பஞ்சம்?"

பஞ்சமில்லைதான். ஆனால் நான் கடப்பாரையை எடை போட்டு விற்கிறவன். பிடித்து வேலை செய்தவனில்லை. புதுசில் கீறல் விழுந்தால் எவன் வாங்குவான் என்று, மூலையில் கிடந்த துருப்பிடித்ததை எடுத்தேன். நுனியைப் பெட்டிக்கடியில் செருகி, முட்டுக்கு ஒரு செங்கல்லை எனக்கு வசதியாக என் காலடியிலேயே வைத்து அழுத்தினேன். பெட்டி அசையவில்லை. மலிவுச் சரக்கின் புத்தி இதுதான் என்று அதை எறிந்துவிட்டு, நடுத்தர விலையில் ஒன்று. பிறகு மனதைக் கல்லாக்கிக்கொண்டு, இருப்பதிலேயே கனமானது, விலை கூடியது. அதில் தொங்கியே பார்த்தேன். ஊஹும். எனக்குத் தலை சுற்றியது. எடைக்கு எடை காசு வாங்குகிற பொருளில் பலம் எங்கே போய் ஒளிந்துகொண்டது?

"நான் என்ன கஸ்டமரா மாமா, ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டுறீங்க?"

சத்தம் கேட்டு என் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். தம்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், செங்கல்லைப் பார்த்தாள்.

"ஏங்க, தூக்க வேண்டியது பெட்டியை. கல்லு எதுக்கு உங்க காலுக்குக் காவல் நிக்குது?"

செங்கல்லைக் காலாலேயே பெட்டியோரம் தள்ளினாள். நான் எறிந்த துருப்பிடித்ததையே எடுத்துச் செருகி, மறுமுனையில் கை வைத்து அழுத்தினாள். பெட்டி முனகிக்கொண்டே எழுந்தது.

"இழுடா!"

இழுத்துக்கொண்டான்.

"உனக்கு இவ்வளவு பலம் எங்கேருந்து வந்துச்சு?" என்றேன்.

"எனக்கு ஏதுங்க பலம்? என் கை எவ்வளவு இறங்குச்சு, பெட்டி எவ்வளவு ஏறுச்சு, அதைப் பாருங்க."

இன்னொரு முறை அழுத்தச் சொல்லிப் பார்த்தேன். கை ஒரு முழம் இறங்கியது. பெட்டி ஒரு விரல்கடைதான் ஏறியது. அவ்வளவு கொடுத்து இத்துனூண்டு வாங்கினால் என் வியாபாரத்தில் அதற்குப் பெயர் நஷ்டம். அந்த நஷ்டத்துக்குள் ஒரு இரும்புப் பெட்டியைத் தூக்கும் லாபம் எப்படி உட்கார்ந்திருக்கிறது? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

மைத்துனன் ஷூவைக் கழற்றி எண்ணிப் பார்த்தான். நானும் மனதுக்குள் கணக்கை முடித்தேன். கொடுத்தது, ஒரு முழம். வந்தது, ஒரு விரல்கடையும் அவனுடைய ஐந்து விரலும். பெருவிரல் நகம் கறுத்திருந்தது; அது மட்டும் என் பேரில் பாக்கி.