சாவு வீட்டு நாற்காலி

சிதம்பரத்தில் சபாபதியின் பந்தல் கடையைத் தெரியாதவர்கள் குறைவு. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், சாவு, எதுவானாலும் ஷாமியானாவும் நாற்காலியும் அவரிடமிருந்துதான் போகும். சாவு வீடுகளுக்கென்றே ஃப்ரீசர் பாக்ஸும் வைத்திருந்தார். அண்ணாமலை நகரில் கல்லூரி விழாக்களுக்குப் பந்தல் போட ஆரம்பித்தபோது ஜிஎஸ்டி நம்பர் கேட்டார்கள். வாங்கினார். வாங்கிய கையோடு பில் போடும் வேலையை மனைவியின் தம்பி இளவரசுவிடம் தள்ளிவிட்டு, அதை மறந்தும் போனார்.

மாநில வரித்துறையிலிருந்து ஆடிட்டுக்கு வந்தார்கள். கேள்வி கேட்டார்கள், கொடுத்த டீயை வேண்டாம் என்றார்கள், போய்விட்டார்கள். பின்னாலேயே நோட்டீஸ் வந்தது. வரி போடாமல் விட்ட வாடகைக்கெல்லாம் வரி, அதற்கு வட்டி, அதற்கு மேல் அபராதம். படித்து முடித்ததும் சபாபதிக்குத் தன் கடை பாக்ஸிலேயே போய்ப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"கட்டிடலாம் மாமா. கவர்மென்ட்டோட நம்மால மல்லுக்கட்ட முடியுமா?" என்றான் இளவரசு.

"ஏன் மச்சான், வரி போடாம வுட்டதெல்லாம் சாவு வூட்டுக்குப் போனதுடா. பொணத்த வச்சிக்கிட்டு அழுவுறவன்கிட்ட போயி ஜிஎஸ்டி குடுன்னு கேக்கச் சொல்றியா?"

சபாபதியின் மனைவி பவானிதான் நாலு பேரிடம் விசாரித்து, கடலூர் செம்மண்டலத்தில் வரி வழக்குகள் மட்டும் பார்க்கும் வக்கீல் வினோதினியைப் பிடித்தாள்.

வினோதினி நோட்டீஸை ஒரு வரி விடாமல் படித்தாள். "பதில் ஏதாவது அனுப்பிட்டீங்களா அண்ணா?"

"எழுதி வச்சிருக்கேம்மா." சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். 'ஐயா, சாவுக்கு வரி போட்டதாக உலகத்தில் எங்கும் கேள்விப்பட்டதில்லை' என்று தொடங்கியது. முடியும்போது சாபம் மாதிரி ஏதோ இருந்தது. வினோதினி அதை மடித்து மேசை டிராயருக்குள் போட்டுப் பூட்டினாள்.

"இது என்கிட்டயே இருக்கட்டும். ஆனா நீங்க சொல்றதுல விஷயம் இருக்கு. இறுதிச் சடங்கு சேவைக்குச் சட்டத்துலயே வரி கிடையாது."

"அப்ப ஜெயிச்சிட்டோம்!"

"இருங்கண்ணா. அவுங்க என்ன சொல்றாங்கன்னா, நாற்காலி வாடகைன்னா அது வெறும் நாற்காலி வாடகைதான். அதுல உக்காந்தவுங்க அழுதாங்கன்னு நாமதான் காட்டணும். இந்த பில்லுல 'கெ', 'ந'ன்னு போட்டிருக்கே, இது என்ன?"

"கெட்டது, நல்லது," என்றான் கூட வந்திருந்த இளவரசு பெருமையாக.

"அது உங்களுக்குத் தெரியும். ஆபீசருக்கு? செத்தது உண்மைன்னு ஆதாரம் வேணும்."

சபாபதி ஆதாரம் சேகரிக்கக் கிளம்பினார். போன வீடுகளிலெல்லாம் அவரைப் பார்த்ததும் பழைய துக்கம் புதிதாகக் கிளம்பியது. அவரும் சேர்ந்து அழுதார், காபி குடித்தார், வந்த காரியத்தைக் கேட்க வாய் வராமல் திரும்பினார். ஒரு வீட்டில் அமராவதி என்ற அம்மாள், "பாக்கியெல்லாம் அப்பவே குடுத்தாச்சே" என்று கதவோடு நிறுத்திவிட்டாள். கடைசியில் இளவரசுவுக்குத்தான் யோசனை வந்தது. ஊரில் யார் செத்தாலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிப்பது ராபர்ட்டின் பிரஸ்ஸில்தான். ராபர்ட்டின் கம்ப்யூட்டரில் அத்தனை பேரும் போட்டோவும் தேதியுமாக இருந்தார்கள். பிரிண்ட் எடுத்தார்கள். ஒரு கட்டு சேர்ந்தது.

விசாரணைக்கு உள்ளே போகும் முன் வினோதினி வராந்தாவில் நிறுத்திச் சொன்னாள். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கேக்காதத சொல்லாதீங்க."

"வாயே தொறக்க மாட்டேம்மா."

அதிகாரி திருநாவுக்கரசு போஸ்டர்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். நாற்காலி, ஷாமியானா, பாக்ஸ் மூன்றும் சேர்ந்தேதான் சாவு வீட்டுக்குப் போகிறது, சடங்கிலிருந்து அதைப் பிரிக்க முடியாது என்று வினோதினி வாதாடினாள். அவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். பிறகு ஒரு பில்லில் விரலை வைத்தார்.

"இந்த ராஜாமணி யாரு, சிமெண்ட் கடைக்காரரா? 'கெ'ன்னு போட்டிருக்கு. போன மாசம் ரிட்டர்ன் ஃபைல் பண்ணியிருக்காரே!"

"அவரு நல்லாத்தான் இருக்காரு சார்," என்றார் சபாபதி. "பில்லு காசு குடுக்கறவங்க பேர்ல போடுறது. செத்தவங்க எப்பிடி சார் குடுப்பாங்க? போனது அவரோட மாமியாரு."

வினோதினி அந்த போஸ்டரை எடுத்து நீட்டினாள். மாமியார் ஓரமாகச் சின்னதாக இருந்தார். நடுவில் கூலிங்கிளாஸ் போட்டு, முப்பத்திரண்டு பல்லும் தெரிய, 'கண்ணீருடன் மருமகன் ராஜாமணி.' அதிகாரி உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

"சரி. நாற்காலி ரெண்டுத்துக்கும் போவுது. ஃப்ரீசர் பாக்ஸ் சாவுக்கு மட்டுந்தானே?"

"ஆமா சார்," என்றாள் வினோதினி.

"ஒரே ஒரு தடவ..." என்றார் சபாபதி.

மேசைக்கடியில் வினோதினி அவர் காலை மிதித்தாள். தைரியமாகச் சொல்லச் சொல்கிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"ஒரு கல்யாணத்துல ஐஸ்கிரீம் ஃப்ரிட்ஜ் ரிப்பேராப் பூடுச்சி சார். வெயிலுன்னா அப்பிடி வெயிலு. ஐஸ்கிரீமெல்லாம் பாயசமா ஆயிட்டிருந்துச்சி. பொண்ணு வூட்டுக்காரரு அழுவாத கொற. பாக்ஸுக்கு ஜிகினாத் துணி சுத்தி, பூ வச்சி, சமையக்கட்டுல எறக்கிட்டேன். பாக்ஸுன்னதும் மச்சான் அதயும் 'கெ'ன்னு எழுதிட்டான்."

"எந்தக் கல்யாணம்?"

"குறிஞ்சிப்பாடி தமிழ்மணி மவ கல்யாணம் சார்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். 

"பட்டர்ஸ்காட்ச்சா?"

"ஆமா சார். நீங்க வந்திருந்தீங்களா?"

"ரெண்டு கப்பு," என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து முக்கால்வாசி குடித்தார்.

"புது பாக்ஸு சார். அன்னிவரைக்கும் அதுல யாரும் படுக்கல. சத்தியமா!"

"சார், அந்த ஒரு பில்லுக்கு நாங்க வரி கட்டிடறோம்," என்றாள் வினோதினி, ஃபைலை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"அத மொதல்ல கட்டுங்க," என்றார் அதிகாரி.

வினோதினி விறுவிறுவென்று படி இறங்கினாள். ஸ்கூட்டியில் சாவியைப் போட்டவள், அப்படியே ஹேண்டில்பாரில் தலையைச் சாய்த்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். சபாபதிக்குச் சிரிப்பு வரவில்லை. "கெடுத்துட்டேனாம்மா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

அவர் எதையும் கெடுக்கவில்லை. இவ்வளவையும் தானாகச் சொல்கிறவர் மற்றதில் பொய் சொல்லியிருக்க மாட்டார் என்று அதிகாரிக்குத் தோன்றியிருக்க வேண்டும். உத்தரவில் சாவு வீட்டு பில்கள் எல்லாவற்றுக்கும் வரி தள்ளுபடி. ஐஸ்கிரீமுக்கு மட்டும் வட்டியோடு உண்டு. பதினாறாம் நாள் காரியத்துக்குப் போன நாற்காலிகளைச் சாவில் சேர்க்க முடியாது, அது விருந்து என்றும் எழுதியிருந்தார்.

"அதுக்கு அப்பீல் போலாம்ணா," என்றாள் வினோதினி போனில். "நல்ல பாயிண்ட் இருக்கு."

"வேணாம்மா, கட்டிடறேன். மேல இருக்கற ஆபீசரு எந்தக் கல்யாணத்துல சாப்ட்டாரோ!"