ரெனே என்ற பேரின் அர்த்தம்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடி ஹால். குழந்தைக்கு முப்பதாம் நாள், பேர் சூட்டு விழா. பெற்றவள் மலருக்கு அன்று தலைகால் புரியவில்லை. கிள்ளானிலிருந்து ஒரு வேன் நிறைய அவள் சொந்தம் வந்து இறங்கியிருந்தது.

பேர் ரெனே. பிரெஞ்சுப் பேர். கணவன் யுகேந்திரன் தேடிப் பிடித்தது. சுவாதி நட்சத்திரத்துக்கு 'ரே' வருகிறது, கூட்டு எண்ணும் பொருந்துகிறது என்றான். அர்த்தம் கேட்டதற்கு, "ஸ்டைலா இருக்குலா, அது போதாதா?" என்று சிரித்தான். அவளும் மண்டையை ஆட்டிவிட்டாள். பிறப்புப் பத்திரத்திலும் ஏறிவிட்டது.

முன்வரிசையில் நல்லம்மாள் உட்கார்ந்திருந்தார். யுகேந்திரனின் முதல் மனைவி உஷாராணியைப் பெற்றவர். உஷாராணி நான்கு வருடங்களுக்கு முன் டெங்கில் என்ற ஊர்ப் பக்கம் நடந்த சாலை விபத்தில் போய்விட்டாள். நல்லம்மாளை அழைக்கச் சொன்னதே மலர்தான். பெரிய மனசு என்று எல்லாரும் மெச்சினார்கள். அவளுக்கும் உச்சி குளிர்ந்துதான் இருந்தது, பாவம்.

மைக் பிடித்தவன் யுகேந்திரனின் தோழன் ஜீவன். சும்மா இருக்கத் தெரியாதவன். கைப்பேசியைத் தட்டிப் பார்த்துப் படித்தான்.

"ரெனே! லத்தீன்லருந்து பிரெஞ்சுக்குப் போன பேரு. அர்த்தம் என்னா தெரியுமா? மறுபடியும் பிறந்தவள்!"

கைதட்டத் தொடங்கியவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். எல்லார் கண்ணும் மலர் மேல்.

நல்லம்மாள் ஓடி வந்து தொட்டிலிலிருந்த பிள்ளையை வாரி எடுத்தார். "உஷா! எம்புள்ள திரும்பி வந்துட்டா!"

மலர் கணவனை ஓரமாக இழுத்தாள். "அர்த்தம் உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும்." அவன் அவளைப் பார்க்கவில்லை. "உஷா எனக்கு மகளா வந்து பொறப்பான்னு ஜோசியர் சொன்னாரு. நான் இன்னொரு கல்யாணம் கட்டணும்னாரு."

"அதுக்குத்தான் என்னைக் கட்டுனீங்களா?"

அவன் நல்லம்மாள் கையிலிருந்த பிள்ளையைப் பார்த்தான். மாதக்கணக்கில் வாந்தி எடுத்தது, வயிற்றைக் கிழித்துத் தைத்தது எல்லாம் செத்துப்போன இன்னொருத்தி வந்து சேரத்தானா? இந்த வீட்டில் அவள் யார்? வெறும் வயிறா?

"அப்பா வந்து பிள்ளை காதுல மூணு தடவை பேரைச் சொல்லுங்க" என்றார் ஐயர்.

யுகேந்திரன் நகர்வதற்குள் மலர் போய்ப் பிள்ளைக்குக் கை நீட்டினாள். நல்லம்மாள் பிள்ளையை விடவில்லை. "மெதுவா ஆயி, உஷாவுக்கு வலிக்கப் போவுது." மலர் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிள்ளையை வாங்கி மார்போடு அணைத்தாள். காதருகே குனிந்தாள்.

"உன்னைப் பெத்தவ பேரு மலர்."

மூன்று முறை சொன்னாள். மூன்றாம் முறை சொன்னது கடைசி வரிசை வரை கேட்டது.